பணம் செல்லும் வழியும் திரும்பும் வழியும்

திலக் நகரில் காய்கறி வாங்கிய ஒருவர் கைப்பேசி வழியே 340 ரூபாய் செலுத்துகிறார். பச்சைக் குறி தோன்றினால் வேலை முடிந்தது. தோல்வி என்று சிவப்புக் குறி தோன்றினாலும் பெரிய கவலை இல்லை, மறுபடி முயலலாம். இவ்விரண்டிலும் சேராத மூன்றாம் நிலை ஒன்று உண்டு. கணக்கில் 340 ரூபாய் குறைந்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வருகிறது. கடையிலுள்ள ஒலிப்பெட்டியோ வாய் திறப்பதில்லை. வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். கடைக்காரர் மறுபடி அனுப்பச் சொல்கிறார், வாடிக்கையாளர் தயங்குகிறார். இருவருமே பொய் சொல்லவில்லை. பணம் இருவரிடமும் இல்லாமல் இடைவழியில் நிற்கிறது.

இந்த மூன்றாம் நிலைக்கு விதி உண்டு. இந்திய ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை, தோல்வியுற்ற பரிவர்த்தனைகளில் பணம் எத்தனை நாளுக்குள் திரும்ப வேண்டும் என்று வரையறுத்தது. யு.பி.ஐ. வழியாக ஒருவர் மற்றொருவர் கணக்குக்கு அனுப்பிய தொகை அங்கே வரவாகவில்லை எனில், பரிவர்த்தனை நாளுக்கு மறுநாளுக்குள் அது தானாகவே திரும்ப வேண்டும். கடையில் செலுத்தி, கடைக்காரருக்கு உறுதிச்செய்தி சேரவில்லை எனில் 5 நாள்கள். ஏ.டி.எம்.மில் பணம் வெளிவராமல் கணக்கில் மட்டும் கழிக்கப்பட்டிருந்தாலும் 5 நாள்கள். கெடு கடந்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. வாடிக்கையாளர் புகார் செய்யும்வரை காத்திராமல் வங்கி தானே அதை வரவு வைக்க வேண்டும். தவறான முகவரிக்கு நாமே அனுப்பிவிட்ட பணம் இதில் சேராது. பரிவர்த்தனை முறையில் நேர்ந்த தோல்விக்கே இவ்விதி பொருந்தும்.

சுற்றறிக்கையில் சில வரிகளாக உள்ள இந்த விதி, யாரோ ஒரு மென்பொருள் உருவாக்குநரின் கையில் ஆயிரக்கணக்கான நிரல் வரிகளாக மாறினால்தான் 340 ரூபாய் வீடு திரும்பும். அவர் விதியை முழுமையாக நிரலில் கொண்டுவந்தாரா, ஏதேனும் ஒரு கிளையை மறந்தாரா என்பதை யார் சரிபார்ப்பது? விதியை அறிந்த வங்கி அலுவலருக்கு நிரல் படிக்கத் தெரியாது. நிரல் அறிந்தவருக்கு வங்கி நடைமுறை முழுவதும் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. இருவரும் ஒரே தாளைப் பார்த்துப் பேச வேண்டும். அந்தத் தாள்தான் பணிப்போக்கு வரைபடம். அதை இணையத் திரையில் வரையவும், வரைந்ததை அப்படியே இயக்கவும் உதவுபவையே பணிப்போக்கு வரைகருவிகள்.

கருவியின் தோற்றம் எளிது. திரையின் ஒரு பக்கம் வடிவங்களின் அடுக்கு. நடுவில் வெற்றுப் பலகை. வடிவங்களை இழுத்து வைத்து அம்புக்குறிகளால் இணைக்க வேண்டும். மெல்லிய கோட்டு வட்டம் தொடக்கம். தடித்த கோட்டு வட்டம் முடிவு. முனை மழுங்கிய செவ்வகம் ஒரு பணி. சாய்சதுரம் வழிகள் பிரியும் அல்லது கூடும் இடம். கடித உறை ஒரு செய்தியையும் கடிகாரம் ஒரு கெடுவையும் குறிக்கும். யார் எந்தப் பணிக்குப் பொறுப்பு என்பதைக் காட்ட, நீச்சல் குளத்தில் கயிறு கட்டிப் பிரிப்பதைப் போலப் பலகை தடங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டை மனத்தில் வரைந்து பார்ப்போம். திலக் நகரின் பழைய வீட்டுவசதி வாரியக் கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு அடுக்ககங்கள் எழுந்துவருகின்றன. அவற்றில் ஒன்றில் வசிக்கும் ஒரு குடும்பம் செம்பூரிலும் குர்லாவிலும் உள்ள அலுவலகங்களுக்கு மதிய உணவு சமைத்து அனுப்புவதாகக் கொள்வோம். காலை 9 மணிவரை இணையத்தில் முன்பதிவு ஏற்கிறார்கள். சாம்பார் சாதம், தயிர் சாதம், பொரியல் என்று பட்டியல், முன்பணம் யு.பி.ஐ. வழியே. தெரிந்த இளைஞர் ஒருவர் இணையச் செயலியை உருவாக்கித் தருகிறார்.

நிரலாளர் முதலில் எண்ணுவது நேர்வழியையே: பதிவு வந்தது, பணம் வந்தது, சமையலறைக்குச் சீட்டுப் போனது, உணவு போனது. நான்கு செவ்வகங்கள், மூன்று அம்புகள். எழுத்தில் சொல்லும்போது இது முழுமையாகவே தோன்றும். பலகையில் வைத்ததும், பணத்துக்காகக் காத்திருக்கும் செவ்வகத்திலிருந்து ஒரே ஓர் அம்பு மட்டும் வெளியேறுவது கண்ணை உறுத்தும். பணம் வராவிட்டால் இந்தப் பதிவு எங்கே போகும்?

ஆகவே அவ்விடத்தில் மூன்று வாயில்கள் வேண்டும். பணம் வந்ததென்ற செய்தி ஒன்று. தோல்வியென்ற செய்தி மற்றொன்று. இரண்டும் வராமல், வைத்துக்கொள்வோம், 10 நிமிடம் கழிந்தது என்ற கடிகாரம் மூன்றாவது. மூன்றாம் வாயிலில்தான் அனுபவமற்ற நிரலாளர் இடறுவார். செய்தி வராததைத் தோல்வி என்று எழுதிவிட்டு, பணத்தை மீண்டும் செலுத்துமாறு வாடிக்கையாளரிடம் கேட்பார். முதற்பணம் 12 நிமிடம் கழித்து வந்து சேரும். ஒரு சாம்பார் சாதத்துக்கு இரு விலை. சரியான வரைபடத்தில் கடிகாரத்திலிருந்து செல்லும் அம்பு, பணம் பெற்றுத்தரும் நிறுவனத்திடம் நிலையைக் கேட்டறியும் செவ்வகத்துக்குப் போகும். விடை தெளிவாகும்வரை, மறுபடி செலுத்த வேண்டாம் என்னும் அறிவிப்பு வாடிக்கையாளரின் திரையில் நிற்கும். 9 மணிக்குப்பின் பணம் வந்ததென்று தெரிந்தால், சமையலறை ஏற்குமா என்று ஒரு சாய்சதுரம். ஏற்காது எனில் அடுத்த செவ்வகம் பணத்தைத் திருப்பும் பணி.

வேறொரு நுணுக்கமும் இங்கே உண்டு. பணம் வந்ததென்ற செய்தி ஒரே பரிவர்த்தனைக்கு இருமுறை வரக்கூடும். இணையத் தொடர்பில் ஐயம் ஏற்படும்போது, அனுப்பும் கணினி அதே செய்தியை மறுபடி அனுப்புவது வழக்கம். அது பிழையன்று, பாதுகாப்பு. பெறும் செயலிதான் இந்தப் பதிவு எண்ணுக்குச் சீட்டு முன்பே போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். பாராவிட்டால் ஒரே அலுவலகத்துக்கு இரண்டு சாப்பாடு போகும்.

சாய்சதுரங்களிலும் வகை உண்டு. உள்ளே பெருக்கல் குறி இருந்தால் வழிகளில் ஏதேனும் ஒன்றே திறக்கும். கூட்டல் குறி இருந்தால் எல்லா வழிகளும் ஒருங்கே திறக்கும். பணம் வந்ததும் ரசீது ஒரு பக்கமும் சமையலறைச் சீட்டு மறுபக்கமும் செல்வதற்குக் கூட்டல் குறி வேண்டும். சமையலறை ஏற்றால் உணவு, மறுத்தால் பணம் என்ற இடத்தில் பெருக்கல் குறி வேண்டும். குறி மாறினால் உணவும் போகும், பணமும் திரும்பும். நிரலுக்குள் இத்தகைய பிழை மாதக்கணக்கில் ஒளிந்திருக்கலாம். படத்தில் வீட்டுக்காரரே கண்டுபிடித்துவிடுவார், ஏனெனில் நட்டம் அவருடையது.

வேலையைப் படமாக வரைந்து பார்க்கும் எண்ணம் கணினிக்கு முந்தியது. ஃபிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் என்னும் அமெரிக்கத் தம்பதியர் 1921இல் அந்நாட்டு இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் செயல்முறை வரைபடம் பற்றிய கட்டுரையை அளித்தனர். ஃபிராங்க், செங்கல் அடுக்கும் கொத்தனாராகத் தொழில் வாழ்வைத் தொடங்கியவர். ஒரு செங்கல்லை வைக்க எத்தனை கையசைவு வேண்டும் என்று எண்ணிப் பார்த்தவர். 1947இல் ஹெர்மன் கோல்ட்ஸ்டைனும் ஜான் ஃபான் நாய்மனும் கணினிக்கான கட்டளைகளைத் திட்டமிட ஓட்டப்படங்களைப் பயன்படுத்தினர். பின்னர்ப் பள்ளிப் பாடநூல்வரை அது வந்துசேர்ந்தது.

வந்த வேகத்திலேயே மதிப்பும் இழந்தது. மென்பொருள் மேலாண்மை பற்றி 1975இல் வெளிவந்த தம் புகழ்பெற்ற நூலில் ஃபிரெட் புரூக்ஸ், ஓட்டப்படம் தகுதிக்கு மீறிப் போற்றப்படுவதாகக் கடிந்தார். நிரலாளர்கள் முதலில் நிரலை எழுதிவிட்டு, மேலதிகாரியின் கோப்புக்காகப் பின்னர்ப் படம் வரைவதே நடைமுறை என்பதை அவர் அறிந்திருந்தார். நிரல் மாறும், படம் மாறாது. சில மாதங்களில் படம் சொல்வது ஒன்று, கணினி செய்வது மற்றொன்று. தவறான வரைபடம் வரைபடமே இல்லாததைவிடத் தீமை பயக்கும். அதை நம்பி ஒருவர் முடிவெடுப்பாரே.

இக்குறையை நீக்க முயன்றதே இன்றைய கருவிகளின் சிறப்பு. பி.பி.எம்.என். என்று சுருக்கமாக அழைக்கப்படும் குறியீட்டு முறை 2004இல் வெளியானது. 2011இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு, படத்தைக் கணினி நேரடியாக இயக்கத்தக்க வடிவில் சேமிக்கும் முறையையும் வகுத்தது. 2013இல் அது பன்னாட்டுத் தர அமைப்பின் 19510ஆம் எண் தரமாக ஏற்கப்பட்டது. இம்முறையைப் பின்பற்றும் கருவியில் அம்பை மாற்றினால் செயலின் நடத்தையே மாறும். படமும் நிரலும் இரண்டாக நின்றால்தானே முரண்பட முடியும்.

வங்கித் தொழிலுக்கு இம்முறை இயல்பாகப் பொருந்தியதில் வியப்பில்லை. நம் கிளைகளில் ஒருவர் பதிய, மற்றொருவர் சரிபார்க்கும் வழக்கம் கணினிக்கு முன்பே, பேரேட்டுக் காலத்திலிருந்தே உண்டு. மேக்கர், செக்கர் என்று ஊழியர்கள் இன்றும் சொல்வார்கள். படத்தில் அது இரு தடங்கள். ஒரே ஊழியரின் பெயர் இரு தடத்திலும் வரலாகாது. தணிக்கையாளர் அதை ஒரு பார்வையில் காண்பார்.

கெடு என்னும் கடிகாரக் குறியின் வலிமையைக் காசோலையில் காணலாம். தாளை ஊர்விட்டு ஊர் அனுப்பாமல் அதன் படத்தை அனுப்பித் தீர்வு செய்யும் முறை 2008இல் புதுதில்லியில் தொடங்கி, 2011இல் சென்னைக்கும் 2013இல் மும்பைக்கும் வந்தது. அப்போதும் காசோலைகள் தொகுதி தொகுதியாகவே தீர்க்கப்பட்டன. 2025 அக்டோபர் 4 முதல் தொடர் தீர்வு நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் காலை 10 முதல் மாலை 4 மணிவரை படங்கள் இடைவிடாது சென்றன. முதற்கட்டத்தில், பணம் தர வேண்டிய வங்கி அன்று மாலை 7 மணிக்குள் ஏற்பதாகவோ மறுப்பதாகவோ சொல்ல வேண்டும். வாளாவிருந்தால் ஏற்றதாகவே கொள்ளப்படும் என்று விதி அமைந்தது. மௌனம் சம்மதம் என்பதை விதியாக்கியதுபோல! கடிகாரக் குறியிலிருந்து புறப்படும் ஓர் அம்பை மறுப்பின் பக்கம் வரைவதா, ஏற்பின் பக்கம் வரைவதா என்பதே இங்கு முடிவு. அந்த ஓர் அம்பு, கணக்கில் பணமில்லாமல் காசோலை எழுதுபவருக்கு முன்பிருந்த கால அவகாசத்தையும் சுருக்கிவிட்டது. ஐம்பதாயிரம் ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட தொகைக்குக் காசோலை எழுதுவோர் அதன் விவரங்களை முன்கூட்டியே வங்கிக்குத் தெரிவிக்கும் வசதி 2021 ஜனவரி 1 முதல் இருக்கிறது. விரைவான தீர்வில் அதன் பயன் கூடுகிறது.

இக்கருவிகளை ஆக்குவதில் தமிழகத்துக்கும் பங்குண்டு. 1996இல் அட்வெண்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, இன்று ஜோஹோ என அறியப்படும் சென்னை நிறுவனம் 2006இல் ஜோஹோ கிரியேட்டர் என்ற கருவியை வெளியிட்டது. படிவங்களை இழுத்து வைத்து அமைக்கலாம்; நுட்பமான நிபந்தனைகளை டெலுஜ் என்னும் அதன் சொந்தக் கட்டளை மொழியில் சேர்க்கலாம். சுரேஷ் சம்பந்தம் தலைமையில் சென்னையில் இயங்கிய ஆரஞ்ச்ஸ்கேப் நிறுவனம் 2012இல் கிஸ்ஃப்ளோவைக் கொணர்ந்தது. விடுப்பு ஒப்புதல், கொள்முதல் ஒப்புதல் போன்ற அலுவலகப் பணிகளை நிரலாளர் அல்லாதவரே வரைந்துகொள்ள வேண்டும் என்பது அதன் நோக்கம். பின்னர் நிறுவனமே அப்பெயரை ஏற்றது.

நிரலாளர்களுக்கென்றே அமைந்தவை வேறு. ஐ.பி.எம். ஊழியர்கள் 2013இல் வெளியிட்ட நோட்-ரெட், கருவிகளும் இணையச் சேவைகளும் அனுப்பும் செய்திகளைக் கம்பி இணைப்பதுபோல் இணைக்க உதவுகிறது. அமேசானின் ஸ்டெப் ஃபங்ஷன்ஸ் 2016இல் எழுத்து வடிவக் கட்டளையாகவே தொடங்கியது. வரைந்து அமைக்கும் பலகை 2021இல்தான் அதற்கு வாய்த்தது. எழுத்து தெரிந்தவர்களும் படம் கேட்டார்கள் என்பதை இங்கே கவனிக்கலாம். ஜெர்மனியின் கமுண்டா நிறுவனத்தார் வழங்கும் பி.பி.எம்.என்.-ஜே.எஸ். என்ற நிரற்தொகுப்பைக் கொண்டு, தம் செயலிக்குள்ளேயே ஒரு வரைபலகையைப் பதிக்கலாம். கட்டணமில்லை, படத்தின் மூலையில் உள்ள அவர்களது முத்திரையை அகற்றக்கூடாது என்பது நிபந்தனை.

நிரலே எழுதாமல் செயலி பெறலாம் என்னும் விளம்பரத்தை அப்படியே நம்பிவிட இயலாது. இருபது செவ்வகம்வரை படம் தெளிவாக இருக்கும். இருநூறு ஆனால் அம்புகள் இடியாப்பச் சிக்கலாகும்; அதைவிட நல்ல நிரலே படிக்க எளிது. பெரிய படத்தைச் சிறு படங்களாகப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று அடக்கும் வசதி கருவிகளில் இருக்கிறது; பொறுமைதான் குறைவு. கணக்கீடுகளையும் படத்தில் அடைப்பது வீண்வேலை. வரி எவ்வளவு, தள்ளுபடி எவ்வளவு என்பதை நிரலில் வைத்துவிட்டு, யார், எப்போது, தவறினால் என்ன என்பதை மட்டும் படத்தில் வைப்பதே என் பரிந்துரை.

அடுத்து, பூட்டப்படும் இடர். ஒரு நிறுவனத்தின் தனிக் குறியீட்டில் வரைந்த படத்தை வேறு கருவிக்கு எடுத்துச் செல்ல இயலாது. கட்டணம் உயர்ந்தாலும் சேவை நின்றாலும் தொழில் அங்கேயே மாட்டிக்கொள்ளும். பொதுத் தரத்தில் கோப்பாக வெளியே எடுக்க முடியுமா என்று வாங்கும்முன் கேட்பது நல்லது. அதைவிட முக்கியமானது எவ்விவரம் அக்கருவியின் வழியே செல்கிறது என்பது. வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லோ, ஒருமுறைக் குறிச்சொல்லோ எந்தப் பெட்டிக்கும் தேவைப்படாது. கேட்டால் அது மோசடி. அட்டை எண்ணைச் சேமித்து வைக்கும் செவ்வகம் எந்த வணிகரின் படத்திலும் இருக்கக்கூடாது. 2022 அக்டோபர் 1 முதல் வணிகர்கள் அட்டை எண்ணைத் தம்மிடம் வைத்திருக்க ரிசர்வ் வங்கி தடை விதித்துள்ளது; அதன் இடத்தில் ஒரு மாற்று அடையாளக் குறியீடு மட்டுமே இருக்கலாம். அதுபோலவே, பணம் வந்ததென்ற செய்தியை யார் வேண்டுமானாலும் போலியாக அனுப்பலாம். அது உண்மையில் பணம் பெற்றுத்தரும் நிறுவனத்திடமிருந்துதான் வந்ததா என்று மின்கையொப்பத்தைச் சோதிக்கும் செவ்வகம், சமையலறைச் சீட்டுக்கு முன்னே நிற்க வேண்டும்.

மும்பைவாசிகளுக்கு இந்த வரைபட மொழி முற்றிலும் புதிதன்று. 1890 முதல் இந்நகரில் இயங்கிவரும் டப்பாவாலாக்கள் மூடியின்மேல் வண்ணத்தாலும் எழுத்தாலும் எண்ணாலும் இடும் குறிகளில், எந்த நிலையத்தில் ஏறியது, எங்கே இறங்க வேண்டும், எந்தக் கட்டடம், எத்தனையாம் மாடி என்பதெல்லாம் அடங்கும். புறப்பட்ட நிலையமும் அதிலேயே இருப்பதால், காலி டப்பா மாலையில் வீடு திரும்பத் தனிச் சீட்டு வேண்டியதில்லை.

சிறு தொழில் செய்யும் நம் வாடிக்கையாளர்கள் இணையச் செயலி ஒன்றைச் செய்யக் கொடுக்கும்போது, ஒப்பந்தத்தில் பணிப்போக்கு வரைபடத்தையும் ஒரு பொருளாகச் சேர்த்துக் கேட்கலாம். திரையின் நிறமும் எழுத்தின் அழகும் முதல் சந்திப்பில் பேசப்படும்; வரைபடம் பேசப்படுவதில்லை. பணம் பெறும் செவ்வகத்தில் விரலை வைத்து, இங்கிருந்து எத்தனை அம்புகள் புறப்படுகின்றன என்று எண்ணுங்கள். ஒன்றே ஒன்று இருந்தால் வேலை முடியவில்லை. பணத்தைத் திருப்பும் பணி யாருடைய தடத்தில் இருக்கிறது, அதற்குக் கெடு எத்தனை நாள் என்று கேளுங்கள். ஒவ்வொரு முடிவு வட்டத்திலும் வாடிக்கையாளருக்கு என்ன செய்தி போகிறது என்று வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். இதற்குக் கணினி அறிவு வேண்டியதில்லை. முதல் படத்தைத் தாளிலும் பென்சிலிலும் வரைந்துகொண்டு போனாலே உருவாக்குநருக்குப் பாதி வேலை மிச்சம்.

பதிவேட்டில் ஒரு நிரைக்கு இடம் விடுங்கள். ஒவ்வொரு யு.பி.ஐ. பரிவர்த்தனைக்கும் 12 இலக்கக் குறிப்பெண் உண்டு. அது பதிவு எண்ணுக்குப் பக்கத்தில் தானாகவே பதியும்படி செய்யச் சொல்லுங்கள். பணம் இடைவழியில் நின்றுவிட்டதென்று வங்கிக்கு வரும்போது நாங்கள் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.